கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர்

ஞாயிறு திருப்பலியில் யார் எங்கே அமர்கிறார்கள் என்பதைப் பீடத்தில் நிற்கும் குருவைப்போல் அறிந்தவர் வேறெவரும் இலர். கைக்குழந்தையோடு வருபவர்கள் கதவோரம். பாடற்குழுவின் பின்னால் இளைஞர்கள். முன்வரிசையில் ஊரின் பெரியவர்கள். ஆண்டுக்கணக்கில் மாறாத இந்த ஒழுங்கில் ஒருவர் இடம் மாறினால் அது உடனே கண்ணில் படும். கண்ணில் படும், கருத்தில் படுமா என்பதுதான் கேள்வி. என் கண்ணில் பட்டும் கருத்தில் படாமற்போன ஒருவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

அவர் ஒரு தச்சர். எங்கள் கோவிலின் சப்பரத்தைப் பழுது பார்ப்பதும், திருவிழாக் கொடிமரத்தைச் சீவி எண்ணெய் பூசி நிறுத்துவதும் அவர் குடும்பத்தின் உரிமை. நான் 2019இல் இந்தப் பங்குக்குப் பொறுப்பேற்ற நாள்முதல், முன்வரிசையில் இடப்பக்க முனையில் அவரைக் கண்டு வந்தேன். 2021ஆம் ஆண்டில், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்து கோவில் மீண்டும் நிறையத் தொடங்கிய காலத்தில், அவர் கடைசி பெஞ்சுக்கு மாறியிருந்தார். அங்கும் அமைதியாக இருந்தாரில்லை. மறையுரை தொடங்கிச் சற்று நேரத்தில் எழுந்து வெளியே போவார். காணிக்கைப் பாடலின்போது திரும்பி வருவார். சில நாள்களில் நன்மை வாங்கும் முன்னர் மீண்டும் ஒருமுறை போவார்.

அவ்வாண்டுத் திருவிழாக் கணக்கில் அவருக்கும் எனக்கும் சிறு மனத்தாங்கல் இருந்தது. அந்தக் கோபத்தையே அவர் இவ்வாறு காட்டுகிறார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். ஒரு ஞாயிறன்று, அவர் எழுந்து செல்வதைக் கண்டவுடன் என் நாவு அடங்கவில்லை. “ஆண்டவரின் வார்த்தையைக் கேட்க ஒரு பத்து நிமிடம் உட்கார முடியாதவர்கள் கோவிலுக்கு ஏன் வருகிறார்கள்?” என்று பீடத்திலிருந்தே கேட்டுவிட்டேன். சபையில் சிலர் திரும்பிப் பார்த்தனர். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மறு ஞாயிறுமுதல் அவர் உள்ளே வரவில்லை. கோவிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றே பூசை கண்டார். அதையும் நான் கோபத்தின் கணக்கிலேயே சேர்த்தேன்.

2022ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவர் மனைவி குருமனைக்கு வந்து அழுதார். “சாமி, அவுகளுக்கு இடுப்பும் காலும் விளங்கல. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். நன்மை கொண்டு வாங்க.” புராஸ்டேட் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது. அப்போது அவருக்கு அறுபத்தொன்பது வயது. இரண்டு ஆண்டுகளாக இரவில் ஐந்தாறு முறை எழுந்திருக்கிறார். முதுகுவலியைச் சப்பரம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மனைவியிடங்கூட உண்மையைச் சொல்லவில்லை. சிறுநீரை அடக்க இயலாத மனிதர், கோவிலில் ஓர் அவமானம் நேர்ந்துவிடக் கூடாதே என்று கதவோரம் அமர்ந்திருக்கிறார். அதை அவர் சொல்ல வெட்கப்பட்டார். “என்ன அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சுகமில்லையா?” என்று கேட்கும் எளிய அன்பு எனக்கு இல்லாமற்போயிற்று.

மருத்துவமனைக் கட்டிலருகே நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். “நீங்க என்ன செய்வீங்க சாமி? நான்தான் வாயைத் தொறக்கலியே” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “ஆனா நம்ம ஆளுங்களுக்குச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லியே சொல்லுங்க” என்றார். அவர் பெயரைப் பங்குமக்களிடம் சொன்னேன். அச்சில் சொல்ல அவர் அனுமதித்தாரா என்பதைக் கேட்டறிய இன்று அவர் இல்லை. ஆகவே பெயரின்றி எழுதுகிறேன்.

அந்தப் பெரியவரின் கட்டளையை நிறைவேற்ற முனைந்தபோதுதான், நம் ஆண்கள் இந்த நோயைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை நான் கற்கத் தொடங்கினேன். நகரத்திலிருந்து ஒரு சிறுநீரக மருத்துவரை வரவழைத்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஞாயிறு மாலையில் ஒரு கூட்டம் என்று அறிவித்தேன். மூவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் முதியோர் உதவித்தொகையைப் பற்றிய கூட்டம் என்று எண்ணி வந்தவர். மருத்துவரோ மனம் தளராமல் மூவருக்கும் முழுமையாகப் பேசிவிட்டு, “அடுத்த முறை பெண்களைக் கூப்பிடுங்கள், ஃபாதர், ஆண்கள் தாமாக வருவார்கள்” என்று சொல்லிச் சென்றார்.

அவர் சொல் பலித்தது. மாதர் சங்கக் கூட்டத்தில் விவரத்தைச் சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்கள் வந்தனர். பெரும்பாலோர் தம் மனைவியராலோ மகள்களாலோ அனுப்பப்பட்டவர்கள். அரசர்கள் இரண்டாம் ஆகமத்தில் வரும் நாமான் என் நினைவுக்கு வந்தான். சீரியா நாட்டுப் பெரும் படைத்தலைவன்; தொழுநோயாளி. அவனுக்கு வழி காட்டியது அவன் மனைவியிடம் வேலை செய்த ஓர் அடிமைச் சிறுமி. யோர்தான் ஆற்றில் குளி என்ற எளிய சொல்லைக் கேட்டு அவன் சினந்து திரும்பியபோது, அவனுக்குப் புத்தி சொன்னவர்கள் அவனுடைய ஊழியர்கள். போர்க்களத்தில் அஞ்சாதவன் ஆடையைக் களைந்து ஆற்றில் இறங்க நாணினான். ஆண்களின் வீரம் எங்கே நின்றுவிடுகிறது என்பதை விவிலியம் அன்றே எழுதிவைத்திருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னும் பின்னும் நான் செவிமடுத்த பேச்சுகள் பல. “வயசானா இதெல்லாம் சகஜம் சாமி, எங்கப்பாவும் ராத்திரி நாலு தடவை எழுந்திரிச்சார்” என்பது முதல் வகை. “கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை வேண்டாம், தெரியாதவரைக்கும் நிம்மதி” என்பது இரண்டாவது. “மகள் கலியாணத்துக்கு வச்ச பணத்தை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கவா?” என்பது மூன்றாவது. இதற்கு விடையளிப்பது கடினம். ஏனெனில் அதில் ஒரு தகப்பனின் அன்பும் கலந்திருக்கிறது. நான்காவது வகையினர் வாய்விட்டுச் சொல்லார். அந்த இடத்து நோயென்றால் தகாத வாழ்வின் பலன் என்று ஊர் பேசும் என அஞ்சுகிறார்கள். ஐந்தாவது வகை மிகவும் பக்தி வாய்ந்தது: “ஆண்டவர் விட்ட வழி.” இறுதியாக, பரிசோதனையைப் பற்றிய கூச்சம். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரல்விட்டுச் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, “அதுக்குச் சாகலாம்” என்று ஒருவர் சொன்னார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மருத்துவர் சொன்னவற்றை என் சிற்றறிவுக்கு எட்டியவரை இங்கே தொகுத்துத் தருகிறேன். புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளிவரும் குழாயைச் சூழ்ந்திருக்கிறது. இளமையில் வாதுமைக் கொட்டை அளவில் இருக்கும் அது வயது ஏறஏறப் பருக்கிறது. பருத்தால் குழாய் நெருக்கப்படும். நீர் மெதுவாகவும் விட்டுவிட்டும் இறங்கும். இரவில் பலமுறை எழ நேரும். இவ்வாறு பருப்பதெல்லாம் புற்றுநோயன்று. பெரும்பாலோருக்கு வருவது தீங்கற்ற வீக்கமே. அதற்கு மாத்திரைகள் உண்டு, சிகிச்சைகள் உண்டு. மறுபுறம், புற்றுநோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. சுரப்பியின் வெளிப்பகுதியில் ஓசையின்றி வளர்ந்து, எலும்பைப் பற்றிய பின்னரே பலருக்குத் தன்னை அறிவிக்கிறது. இந்த நோய் தகாத வாழ்வால் வருவதன்று, தொற்றுவதுமன்று. வயதும் குடும்ப மரபுமே இதன் பெரிய காரணங்கள். தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இது வந்திருந்தால் நமக்கும் வர வாய்ப்பு அதிகம்.

ஆகவே இரண்டு நிலைகளைப் பிரித்து அறிய வேண்டும் என்றார் மருத்துவர். நீர் கழிப்பதில் சிரமம், நீரில் இரத்தம், நீங்காத முதுகெலும்பு வலி, காலில் தளர்ச்சி, இவற்றில் ஏதேனும் உள்ளவர் மருத்துவரிடம் போயே தீர வேண்டும். அங்கே தயக்கத்துக்கு இடமில்லை. காலில் தளர்ச்சி கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. இந்த நிலையில்தான் எங்கள் தச்சர் இரண்டு ஆண்டுகளை இழந்தார். எந்தக் குறியும் இல்லாத ஒருவர், முன்னெச்சரிக்கையாகப் பரிசோதித்துக்கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை ஒரே சொல்லில் அடங்காது.

அந்தப் பரிசோதனை இன்று பெரும்பாலும் ஓர் இரத்தப் பரிசோதனையே. பி.எஸ்.ஏ. என்னும் புரதம் அந்தச் சுரப்பியில் உண்டாவது. அது இரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். மில்லி லிட்டருக்கு 4 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு ஆராய்வது நெடுநாள் வழக்கம். ஆனால் சுரப்பி சாதாரணமாக வீங்கினாலும், சிறுநீர்ப் பாதையில் கிருமி தொற்றினாலும் இந்த அளவு உயரும். சில வேளை புற்றுநோய் இருந்தும் உயராமலிருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. வயதானவர்களின் சுரப்பியில் காணப்படும் புற்றுநோய் பலவேளை மிக மெல்ல வளர்வது. கண்டுபிடிக்காமல் விட்டாலும் அவர் வேறு காரணத்தால் காலமாகும்வரை அது அவருக்கு எந்தத் துன்பமும் தராது. அதைக் கண்டுபிடித்து, அறுத்து, கதிர்பாய்ச்சி, நீரை அடக்கும் ஆற்றலையும் இல்லற வாழ்வையும் இழந்தவர்கள் மேல்நாடுகளில் ஏராளம். அதனால்தான் 2012ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தடுப்பு மருத்துவக் குழு, இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்று அறிவுரைத்தது. 2018இல் அந்தக் குழுவே தன் கருத்தை மாற்றி, 55 முதல் 69 வயதுவரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசித் தாமே முடிவு செய்யட்டும் என்றது. எழுபதைக் கடந்தவர்களுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது.

ஐரோப்பாவில் 1993இல் தொடங்கிய ஒரு பெரும் ஆய்வு பல நாடுகளின் ஆண்களைப் பின்தொடர்ந்து வருகிறது. அதன் இருபத்துமூன்று ஆண்டு முடிவு 2025இல் வெளியாயிற்று. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் நேர்ந்த சாவு நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைந்தது என்றும், 456 பேரை அழைத்தால் ஓர் உயிர் காக்கப்படுகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓர் உயிர்தானா என்று சிலர் கேட்கலாம். அந்த ஓர் உயிர் எவருடையது என்பதைப் பொறுத்தது. ஆயினும் மீதிப்பேர் பட்ட அலைச்சலையும் அச்சத்தையும் கணக்கில் சேர்க்காமலிருப்பதும் நேர்மையன்று. இன்று மருத்துவர்கள் ஊசி குத்திச் சதை எடுக்கும் முன் எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்கிறார்கள். தீவிரமில்லாத கட்டி என்று தெரிந்தால் உடனே வெட்டாமல், காலந்தோறும் பரிசோதித்துக் கண்காணித்து வருகிறார்கள். அறிந்துகொள்வது வேறு, அவசரப்பட்டு அறுத்துக்கொள்வது வேறு என்பதை மருத்துவ உலகம் இப்போது கற்றிருக்கிறது.

நம் நாட்டில் அரசு மக்கள் அனைவருக்குமாக நடத்தும் புற்றுநோய்ப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கு உரியது. புராஸ்டேட் அதில் இடம்பெறவில்லை. ஆகவே எவரும் வீட்டுக்கு வந்து நம்மை அழைக்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் நாமே.

கூட்டத்தின் இறுதியில் ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர். மனத்தில் பட்டதை மறைக்காதவர். “டாக்டர் சொன்னது சரி. சாமி, நீங்க பாத்தாச்சா?” என்று கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தனர். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. பார்க்கவில்லை என்றேன். “எங்களைப் பாக்கச் சொல்றீங்களே” என்றார் அவர். அதில் குறும்பு இருந்ததேயன்றிக் குற்றச்சாட்டு இல்லை. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் தந்தையார் 1989இல், நான் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், நீர்க்கட்டு என்று சொல்லி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஏழு மாதம் எலும்பு வலியில் துடித்து இறந்தார். என்ன நோயென்று எவரும் எங்களுக்குப் பெயர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அன்று மருத்துவர் சொன்ன அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டபோது, முப்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் என் தந்தையின் நோய்க்குப் பெயர் கிடைத்ததுபோல் இருந்தது.

மறுவாரம் நகருக்குச் சென்று மருத்துவரிடம் பேசினேன். தந்தையைப் பற்றிச் சொன்னதும், பரிசோதித்துக்கொள்வதே நல்லது என்றார். விரற்பரிசோதனை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்தது. கூச்சம் இருந்தது என்பது உண்மை. அதற்குச் சாகலாம் என்பது உண்மையன்று. இரண்டு நாளில் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. 5.2 என்று இருந்தது.

அடுத்து நான் செய்ததை ஒப்புரவு அருட்சாதனத்தில் சொல்வதுபோல் இங்கே சொல்கிறேன். அந்தத் தாளை நான்காக மடித்துக் கட்டளைச் செபப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்தேன். உதவிப் பங்குத்தந்தையிடம் சொல்லவில்லை. என் தங்கை தொலைபேசியில் கேட்டபோது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். இரவில் எழுந்து கழிப்பறைக்குச் சென்று, நீர் எப்படி இறங்குகிறது என்று அஞ்சி அஞ்சிக் கவனித்தேன். மறுபடியும் வந்து பார்க்குமாறு மருத்துவர் குறித்த நாளை, மறைக்கல்வித் தேர்வைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். பெரியவர்களிடம் எதையெல்லாம் அறியாமை என்று எண்ணிப் பேசினேனோ, அதையெல்லாம் எட்டே நாளில் நானே செய்து முடித்தேன். அவர்களுக்கு இருந்தது அறியாமையன்று, அச்சம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அந்த முதல் வெள்ளியன்று தச்சருக்கு நன்மை கொண்டு சென்றேன். அவர் வீட்டுக்குத் திரும்பியிருந்தார். இந்தப் புற்றுநோய் ஆண்மைச் சுரப்பு நீரை உண்டு வளர்வது. அதைத் தடுத்தால் கட்டி ஒடுங்கும். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர் 1941இல் இதனை மெய்ப்பித்தார். 1966இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். சுரப்பைத் தடுக்க மாதக் கணக்கில் ஊசி போடலாம். அல்லது ஒரு சிறு அறுவையால் விதைகளை அகற்றிவிடலாம். ஊசிக்குச் செலவு மிகுதி. அறுவையைப் பற்றி மகன்கள் வாய்திறக்கத் தயங்கியபோது, அவரே, “அஞ்சு பிள்ளை பெத்தாச்சு. இனி எனக்கு எதுக்குடா அந்தக் கவுரவம்?” என்று சொல்லிச் சம்மதித்திருந்தார். முதுகெலும்புக்குக் கதிர்ச்சிகிச்சையும் கொடுத்திருந்தார்கள். கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார்.

நன்மை வழங்கிய பின் நான் எழவில்லை. “என்ன சாமி, முகம் வாடிக் கெடக்கு?” என்று கேட்டார். நான் அவரிடம் கேட்காமற்போன அதே கேள்வி அது. புத்தகத்திலிருந்து தாளை எடுத்து அவரிடம் காட்டினேன். அந்த எண்ணை முதன்முதலில் என்னோடு பார்த்தவர் அவரே. தம் கையை என் தலைமேல் வைத்தார். குருவாக நான் ஆயிரம் பேர் தலையில் கைவைத்திருக்கிறேன். என் தலையில் ஒருவர் கைவைத்து நெடுங்காலம் ஆகியிருந்தது. “போய்ப் பாருங்க சாமி. நான் போகாத மாதிரி இருந்திராதீங்க” என்றார்.

போனேன். சிறுநீரில் கிருமித் தொற்று இருப்பது தெரிந்தது. மருந்து உட்கொண்டு, ஆறு வாரம் கழித்து மீண்டும் இரத்தம் கொடுத்தபோது அளவு 2.8ஆகக் குறைந்திருந்தது. அதன்பின் காலம் குறித்துப் பார்த்து வருகிறேன். எனக்கு நோயில்லை என்பதைச் சொல்ல இதை எழுதவில்லை. நாளை வரலாம், அதை ஆண்டவர் அறிவார். ஆறு வார அச்சம் என்பதும் இந்தப் பரிசோதனையின் விலை என்பதை, பிறருக்கு அறிவுரை சொல்வோர் அறிந்திருக்க வேண்டும். அந்த விலையைத் தனியாகக் கொடுக்கத் தேவையில்லை என்பதையும் நான் கற்றேன்.

நோயை மறைப்பது பாமரர் பழக்கம் மட்டுமன்று. பிரான்சு நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த பிரான்சுவா மித்தரான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தம் உடல்நல அறிக்கையை வெளியிடுவதாக வாக்களித்தவர். 1981இல் பதவியேற்ற சில மாதங்களிலேயே அவருக்கு இந்தப் புற்றுநோய், எலும்பைப் பற்றிய நிலையில், கண்டறியப்பட்டது. 1992வரை நாடு அதை அறியவில்லை. அறிக்கைகள் மட்டும் தவறாமல் வெளிவந்தன. அமெரிக்க நாட்டின் முன்னாள் தலைவரும் கத்தோலிக்கருமான ஜோ பைடனுக்கு, எலும்புவரை பரவிய நிலையில் இந்நோய் கண்டறியப்பட்டதாக 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யப்பட்டது 2014இல் என்றும் அப்போது சொல்லப்பட்டது. உலகின் சிறந்த மருத்துவர்களைப் பக்கத்தில் வைத்திருந்தவர்களின் நிலையே இது.

திருச்சபையிலோ எனக்கு ஆறுதல் தரும் வேறொரு நிகழ்ச்சி உண்டு. எங்கள் பெற்றோர் ஆறாம் சின்னப்பர் என்று அழைத்த திருத்தந்தை புனித ஆறாம் பவுல், 1964இல் நற்கருணை மாநாட்டுக்காக மும்பை வந்தவர். 1967ஆம் ஆண்டு, தம் எழுபதாம் வயதில், புராஸ்டேட் வீக்கத்தால் துன்புற்றார். அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் வத்திக்கான் மாளிகையிலேயே அவருக்கு அறுவை செய்யப்பட்டது. அது புற்றுநோயன்று, தீங்கற்ற வீக்கமே. ஆயினும் உலகமெங்கும் அச்செய்தி வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. பேதுருவின் இருக்கையில் அமர்ந்தவருக்கு இந்த உறுப்பும் உண்டு, இந்த நோயும் வரும் என்பதை உலகம் அறிந்ததால் அவருடைய மாண்பு குறைந்துவிடவில்லை.

அதே திருத்தந்தை, ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1972 நவம்பர் 30ஆம் நாள் மற்றோர் ஆவணத்தில் கையொப்பமிட்டார். சாகும் தறுவாயில் கொடுக்கும் ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று நம் முன்னோர் அஞ்சிய அருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் விரும்பியவாறு, நோயுற்றோருக்கான பூசுதலாகப் புதுப்பித்த ஆவணம் அது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் நம் வீடுகளில் அந்தப் பழைய அச்சம் தீரவில்லை. “சாமியைக் கூப்பிட்டா அப்பா பயந்துருவார்” என்று சொல்லி, மூச்சு ஒடுங்கும்வரை குருவை அழைக்காத பிள்ளைகள் இன்றும் உண்டு. எண்ணெயைக் கண்டு அஞ்சுவதும், இரத்தப் பரிசோதனைத் தாளைக் கண்டு அஞ்சுவதும் ஒரே அச்சமே. இரண்டையும் நாம் சாவின் முன்னறிவிப்பு என்று எண்ணுகிறோம். இரண்டுமே வாழ்பவருக்கு உரியவை. காலத்தில் வந்தால் இரண்டும் உதவும். காலம் கடந்தால் இரண்டும் சடங்காகிவிடும்.

“ஆண்டவர் விட்ட வழி” என்போருக்கு ஒரு சொல். சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்றும், செபித்த பின் மருத்துவருக்கு இடங்கொடு என்றும் அங்கே ஞானி அறிவுறுத்துகிறார். மருத்துவரிடம் போகாமலிருப்பது விசுவாசமன்று. போய், கேட்டு, அறிந்து, எழுபத்தெட்டு வயதில் இனி எனக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்று ஒருவர் தெளிந்து சொல்வாராயின், அது விசுவாசத்துக்கு மாறானதன்று. அறிந்து வேண்டாம் என்பதற்கும் அஞ்சி வேண்டாம் என்பதற்கும் வேறுபாடு உண்டு.

ஐம்பதைத் தொட்ட சகோதரர்களே, ஒரு மருத்துவரிடம் ஒருமுறையேனும் மனம்விட்டுப் பேசுங்கள். தந்தைக்கோ தமையனுக்கோ இந்நோய் இருந்தால் நாற்பத்தைந்திலேயே பேசுங்கள். தாய்மாரே, கணவர் இரவில் எத்தனை முறை எழுகிறார் என்பது உங்களுக்குத்தான் தெரியும்; நாமான் வீட்டுச் சிறுமியைப்போல் வாய்திறந்து சொல்லுங்கள். பிள்ளைகளே, தகப்பனாரை மருத்துவமனைக்கு அனுப்பாதீர்கள். உடன் அழைத்துச் செல்லுங்கள். குருக்களாகிய நாங்கள், இடம் மாறி உட்காருகிறவர்களைப் பீடத்திலிருந்து கடிந்துகொள்ளாமல், பூசை முடிந்து வாசலில் நின்று விசாரிப்போமாக.

முன்பே கண்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று மருத்துவரிடம் ஒருநாள் கேட்டேன். உறுதி சொல்ல முடியாது, ஆனால் எலும்பில் அந்த வேதனை வருமுன் ஏதேனும் செய்திருக்கலாம் என்றார். தச்சர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். 2024ஆம் ஆண்டு தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். இறுதி மூச்சுக்குக் காத்திராமல், தெளிந்த நினைவோடு இருந்தபோதே இருமுறை நோயிற்பூசுதல் பெற்றுக்கொண்டார்.

இடையில் உடல் தேறியிருந்த மாதங்களில் அவர் ஒரு வேலை செய்தார். எங்கள் கோவிலில் அதுவரை மக்களுக்கென்று கழிப்பறை இல்லை. முதியவர் பலர் அந்த ஒரு குறைக்காகவே நீண்ட திருவிழாப் பூசைகளுக்கு வருவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. பங்குப்பேரவை கூடி, கோவிலின் தென்வாசலையொட்டி இரண்டு கழிப்பறைகள் கட்டியது. அவற்றின் கதவுகளை அவர் திண்ணையில் அமர்ந்து, மகனைக் கொண்டு அறுத்து இழைத்துச் செய்து கொடுத்தார். கூலி கேட்கவில்லை, “தாழ்ப்பாளை உசரத்துல வைக்காதீங்க, வயசானவங்களுக்கு எட்டணும்” என்று மட்டும் சொன்னார். தாழ்ப்பாள் அவர் சொன்ன உயரத்தில்தான் இருக்கிறது. இப்போதெல்லாம் மறையுரையின் நடுவில் ஒரு பெரியவர் எழுந்து அந்தப் பக்கம் நடந்தால் நான் பேச்சை நிறுத்துவதில்லை. பூசை முடிந்ததும் அவரைத் தேடிப் போய், “அண்ணாச்சி, சுகமா?” என்று கேட்கிறேன்.